பந்து காற்றில் இருக்கும்போது

மைக்கின் தலைக்கென்று ஒரு வாசனை உண்டு. துருவும் வெற்றிலையும் பீடியும் யார் யாரோ விட்ட மூச்சும் கலந்த வாசனை அது. கட்சிக் கூட்டம், காதுகுத்து, கல்யாணம் என்று கள்ளக்குறிச்சியில் நாலு பேர் கேட்கப் பேசிய அத்தனை பேரும் மைக்செட் வைத்திருந்த பாவாடை அண்ணனின் அந்த ஒரே மைக்கில்தான் பேசியிருந்தார்கள். நான் அதைக் கையில் வாங்கியது ஒன்பதாம் வகுப்பு படிக்கையில், எங்கள் பள்ளிக்கும் தியாகதுருகத்துப் பெண்களுக்கும் கூடைப்பந்து ஆட்டம் நடந்த அன்று. "வாய ஒட்டிக்காத பாப்பா, ஷாக் அடிக்கும். ஒரு சாண் தள்ளியே பேசு" என்று பாவாடை அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார். ஆட்டம் சூடு பிடித்த பிறகு சாணாவது முழமாவது! அன்று சாயந்தரம் வரைக்கும் என் கீழுதடு மரத்துக் கிடந்தது.

அப்போது எங்களுக்குத் தென்னாற்காடு மாவட்டம், மாவட்டப் போட்டிகள் கடலூரில். ஜெயிக்கிற பள்ளி கடலூர் போகும். எங்களுக்குக் கடலூர் என்றால் போட்டியா நினைவுக்கு வரும், கடல்தான். எங்கள் வகுப்பில் கடலைப் பார்த்தவள் ஒருத்தி கூடக் கிடையாது. ஆடத் தெரியாமல் வாய் மட்டும் நீண்டிருந்த என்னிடம், "ஜெயிச்சா நீயும் வா தனலட்சுமி, தண்ணிக் குடத்தப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்" என்று டிரில் டீச்சர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் நான் வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கினேன். அம்மாவுக்கு அரிசி மில்லில் வேலை, அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிக் காலால் துழாவிக் காயவைப்பது. அரைநாள் வராவிட்டாலும் கூலி போய்விடும் என்பதால் ஆட்டம் பார்க்க வர வழியில்லை. "நீ கடலுக்குப் போறியா இல்லியான்னு கொழாயிலியே கேட்டுக்கறேன், போ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். குழாய் என்றால் புளியமரத்து உச்சியில் கட்டிய ஒலிபெருக்கி. அதன் வாய் மில் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று பாவாடை அண்ணனைக் கெஞ்சிக் கட்டவைத்தவள் நான்தான்.

ஆனால் மைக் எனக்கு மட்டும் சொந்தமில்லை. முந்தைய வருஷம் வர்ணனை செய்த எங்கள் ஊர்க்காரர், தியாகதுருகம் போட்ட கூடையை எல்லாம் முணுமுணுப்பாகவும் நாங்கள் போட்டதைத் தொண்டை கிழியவும் சொல்லப்போக, பஸ் ஏறி வந்திருந்த அவர்கள் ஊர் ஆட்கள் ஒயரைப் பிடுங்கிப் பெரிய ரகளையாகிவிட்டது. அதனால் இந்த முறை இரண்டு பள்ளி டீச்சர்களும் உட்கார்ந்து பேசி ஒரு சட்டம் போட்டார்கள். மேசை ஒன்று, மைக் ஒன்று, வர்ணனைக்கு ஊருக்கு ஒரு பெண். பந்து எந்தப் பள்ளியின் கையில் இருக்கிறதோ அந்தப் பள்ளிப் பெண்ணின் கையில் மைக் இருக்கும். பந்து கை மாறினால் மைக்கும் கை மாற வேண்டும்.

தியாகதுருகத்திலிருந்து வந்தவள் பெயர் பர்வீன். ஒல்லியாக, எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெஞ்சில் எனக்கும் அவளுக்கும் நடுவே தன் பையை வைத்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடிக்கவில்லை.

விசில் ஊதியது. பந்து எங்கள் குள்ளம்மாவின் கைக்கு வந்தது. பெயர்தான் குள்ளம்மா, பள்ளியிலேயே உயரமானவள் அவள்தான். கல்வராயன் மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். தினைக்காட்டில் கிளி விரட்டக் கல்லெறிந்து பழகிய கை என்று டீச்சர்கள் எல்லோரும் அவளைப் புகழ்வார்கள். "கல்லெறியறது எங்க தம்பி வேல, நான் எங்க எறிஞ்சேன்" என்று அவள் எவ்வளவோ சொல்லியும் யாரும் காதில் வாங்கியதில்லை. ஹாஸ்டலில் "வாடி போடி" என்று கூப்பிடுகிறவளை, டீக்கடை ரேடியோவில் கேட்ட தோரணையில், "இதோ குள்ளம்மா அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுகிறார், அன்பர்களே!" என்று நான் மரியாதை கொடுத்துக் கூவ, புளியமரத்திலிருந்து என் குரல் எனக்கே புதிதாகத் திரும்பி வந்தது.

குள்ளம்மா பந்தை வளையத்தை நோக்கி எறிந்தாள். உடனே பர்வீன் மைக்கைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா பிடுங்கற? அது இன்னும் எங்க பந்துதான்!"

"கைய வுட்டுப் போயிட்ச்சு இல்ல? அப்பறம் இன்னா உங்க பந்து? வுடு!"

இத்தனையும் மைக்கில்தான். கடைத்தெருவே கேட்டுச் சிரித்திருக்கிறது. டிரில் டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தார். "பந்து காத்துல இருக்கறப்ப ரெண்டு பேரும் வாயத் தெறக்கக் கூடாது. மைக்க மேச மேல வெச்சிடணும். எறங்குனதும் யார் பந்தோ அவங்க எடுத்துக்கங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார்.

அந்தத் தீர்ப்புதான் அன்றைய ஆட்டத்தையே வேறாக்கியது. அதன் பிறகு ஒவ்வொரு முறை பந்து வளையத்தை நோக்கிக் கிளம்பியதும் மைக் மேசை மேல் "டொக்"கென்று உட்கார, மரத்து உச்சியில் குழாய் சட்டென்று வாயடைத்துவிடும். கொஞ்ச நேரத்திலேயே ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. குழாய் பேசினால் பந்து கையில், பேசாவிட்டால் பந்து காற்றில். தராசைப் பிடித்த கடைக்காரர்கள் அப்படியே நின்றார்களாம். மில் களத்தில் பெண்கள் காலைத் தூக்கினது தூக்கினபடி நெல்லில் நின்றுவிட, மேஸ்திரி திட்டத் தொடங்கி, அடுத்த முறை அவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். இதெல்லாம் அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

பாதி ஆட்டம் வரை நாங்கள் முன்னால் இருந்தோம். அப்புறம் அவர்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார்கள். பந்து மாறுகிற வேகத்துக்கு மைக் மாறி மாறி, நடுவில் இருந்த பை எப்போதோ கீழே விழுந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் ஒரு வாக்கியம் ஆரம்பிப்பாள், அதன் வாலை நான் முடிப்பேன். பர்வீன் நன்றாகப் பேசினாள், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அவளுக்குக் குரல் இன்னும் உயரும். ஷாக் அடித்தால் நான் மைக்கைத் தள்ளிப் பிடிப்பேன், அவள் அதையும் சேர்த்து ஒரு கத்தலாகக் கத்திவிடுவாள்.

கடைசியில் அவர்கள் ஒரு பாயிண்ட் முன்னால். டிரில் டீச்சர் இடது கையில் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் விசிலை வைத்துவிட்டார். எனக்குக் கண் முன்னால் கடல் வற்றிக்கொண்டே போயிற்று. மைக் பர்வீனிடம், பந்து அவர்களிடம். அவர்கள் பெண் ஒருத்தி இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்க, நடுவில் எங்கிருந்தோ ஒரு நீளக் கை குறுக்கே வந்தது. குள்ளம்மா! நான் மைக்கைப் பிடுங்கி "குள்ளம்மா..." என்று மட்டும்தான் சொன்னேன். அன்பர்களும் இல்லை, "அவர்கள்" என்ற மரியாதையும் இல்லை. அதற்குள் மைதானத்தின் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்தே அவள் எறிந்துவிட்டாள்.

மைக் மேசை மேல் போயிற்று. குழாய் அடங்கியது. பந்து போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. டீச்சரின் விசில் ஊதிவிட்டது, பந்து இன்னும் இறங்கவில்லை. என் கை பர்வீனின் கையைப் பிடித்திருந்ததோ அவள் கை என் கையைப் பிடித்திருந்ததோ, நகம் பதிந்த தடம் மறுநாளும் இருந்தது. பந்து பலகையில் மோதி, இரும்பு வளையத்தின் மேல் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகு, விழுந்தது.

நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"உள்ள போயிட்ச்சே! அய்யோ, உள்ள போயிட்ச்சே!"

குழாய் கதறியது. குரல் என்னுடையதல்ல. மைக்கைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மேல் ஏறி நின்றவள் பர்வீன். தான் தோற்றதை, தன் ஊர் தோற்றதை, எங்கள் ஊருக்கு முதலில் அறிவித்தவள் அவள்தான். அவள் ஊர் ஆட்கள் திரும்பி முறைத்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், சிரித்தாள், அப்புறம் கண் கலங்கியது. மைக்கை என் கையில் திணித்தாள். நான் முறைப்படி பாயிண்ட் கணக்கைச் சொல்லி, இரு பள்ளிக்கும் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "எம்மா! கடலு!"

அன்று இரவு, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்த அம்மா, "கடலுன்னு கத்துனது நீன்னு எல்லாருக்கும் சொன்னேன். அதுக்கு முன்ன கத்துச்சே, அது யாருடி?" என்று கேட்டாள்.

"அது தியாகதுருகத்துப் பொண்ணும்மா."

"தோத்த ஊரா?" அம்மா ஈரக் காலைத் துடைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு கடலப் பாத்துக்கீதா?" என்றாள்.

நான் கேட்கவில்லையே. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கடலூரில் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம், யாருக்கும் ஒரு துளி வருத்தம் இல்லை. பாவாடை நனைய நனையக் கடலில் நின்றோம். அவ்வளவு தண்ணீரை ஒன்றாகப் பார்த்ததும் எனக்கு மறுபடியும் குரல் போய்விட்டது. பர்வீன் பக்கத்தில் இருந்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் சேர்த்து அவள் கத்தியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் தியாகதுருகத்திலிருந்து வேறு ஒரு பெண் வந்தாள். பர்வீன் குடும்பம் வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னாள்.

இப்போது கள்ளக்குறிச்சியே மாவட்டம். மாவட்டப் போட்டிக்கு யாரும் கடலூர் போக வேண்டாம், பிள்ளைகளுக்குக் கடல் பார்க்கும் அந்தச் சாக்கும் போயிற்று. புளியமரம் இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். ஆட்டத்தை செல்போனிலேயே காட்டுகிறார்கள், வர்ணனையும் வருகிறது. போன மாதம் இரண்டு பள்ளிப் பெண்கள் ஆடிய ஆட்டம் ஒன்றை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் ஒரு பெண் பந்தைத் தூக்கி எறிந்தாள். பந்து காற்றில் இருக்கிறது, வர்ணனைக்காரப் பையன் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். எனக்குப் பொறுக்கவில்லை. சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"உள்ள போயிட்ச்சே! அய்யோ, உள்ள போயிட்ச்சே!"

நான் போட்ட சத்தத்தில் மருமகள் கரண்டியோடு ஓடி வந்தாள். "இன்னா அத்த, இன்னா ஆச்சு? யாரு ஜெயிச்சாங்க?"

நான் போனைப் பார்த்தேன். எந்த ஊர்ப் பெண் எறிந்தாள் என்றே நான் கவனித்திருக்கவில்லை.