பஞ்சடைத்த பாட்டில்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அறுபதுகளின் கடைசியில் போர்ட் பிளேரில் ஓர் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்த்தேன். அண்ணனும் அண்ணியும் பஸ்ஸில் போகிற தூரத்தில், சௌல்தாரி என்ற கிராமத்தில் இருந்தார்கள். அண்ணிக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. ஒருமுறை அவள் விடாமல் வாந்தியெடுக்கவே, அங்கிருந்த டிஸ்பென்சரி டாக்டர் அவளுடைய சிறுநீரை எங்கள் லேப்புக்கு அனுப்பினார். அதில் அசிட்டோன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிக்கும். அப்போது உண்டாவதுதான் அசிட்டோன். மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அது சூட்டில் காற்றோடு போய்விடுகிற பொருள். பாட்டிலோ முந்தின நாள் பிடித்தது. மூடி இல்லை, வாயில் பஞ்சு. பஸ்ஸில் வெயில் குடித்து வந்திருந்தது.

சோதித்தேன். அசிட்டோன் இருந்தால் ஊதா நிறம் வரும். வரவில்லை.

லேப் பொறுப்பாளரிடம் போனேன். "சார், இதுக்கு ரிப்போர்ட் குடுக்கக் கூடாது. புதுசா எடுத்து அனுப்பச் சொல்லணும். எங்க அண்ணி சார்."

"சொந்தக்காரங்களுக்கு ஒரு ரூலாம்மா?"

"யாருக்குமே குடுக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"இந்தத் தீவுல எல்லா சாம்பிளும் இப்படித்தான் வரும். திருப்பி அனுப்பிட்டே இருந்தா லேப்பை பந்த் பண்ணிட்டுப் போகவேண்டியதுதான். சோடோ, விட்டுத் தள்ளு."

அவருக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. தெரிந்தேதான் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டிஸ்பென்சரிக்குப் போனிலும் சொல்லிவிட்டார். அந்த டாக்டர் அதை நம்பி, வெறும் வயிற்றுக் கோளாறு என்று அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சோதனைக்கான மருந்துகளைப் பையில் போட்டுக்கொண்டு நான் அடுத்த பஸ் ஏறினேன். அண்ணி மூச்சிரைக்கக் கிடந்தாள். அந்த மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. அங்கேயே சிறுநீர் பிடித்துச் சோதித்தேன். கறுப்போ என்னும்படி ஊதா ஏறியது. டிஸ்பென்சரிக்கு ஓடி, குழாயை டாக்டரிடம் நீட்டினேன்.

"அரே, நெகட்டிவ்னுதானே சொன்னாங்க!" என்று பதறியவர், ஜீப்பை வரவழைத்து எங்களைப் போர்ட் பிளேருக்கு அனுப்பினார். ஆஸ்பத்திரியில் சலைனும் இன்சுலினும் ஏற்றினார்கள். பேச்சுமூச்சற்றுக் கிடந்துதான் அண்ணி பிழைத்தாள்.

திரும்ப வேலைக்குப் போன அன்று பொறுப்பாளர் சிரித்தபடி கேட்டார்: "அண்ணி இப்ப டீக்தானே?"

"உங்க ரிப்போர்ட்படி அவங்களுக்கு எப்பவுமே ஒண்ணுமில்லையே சார்" என்றேன்.

அவர் முகம் சிறுத்துப்போனது. அதன்பின் வெகுநாள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அவரோடு பேச ஒன்றும் இருக்கவில்லை.