தகப்பன் பெயர் இல்லாத பதிவு

தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அமெரிக்க அம்மாள் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த தன் முன்னோர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பெரிய நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு.

அந்த அம்மாளுக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. எனக்கோ வேலை பார்க்க விசா இல்லை. புதிதாக வாங்கிய டிரைவிங் லைசன்ஸ் மட்டும் இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் அவரை நூலகத்துக்கு அழைத்துப்போவேன். இங்கிலாந்துத் தேவாலயங்களின் பழைய பதிவேடுகள் அங்கே ஃபிலிம் சுருள்களாக வரும். திரையில் தெரியும் கோணல்மாணலான எழுத்தை நான் படிக்க, அவர் பெரிய எழுத்தில் குறித்துக்கொள்வார்.

மூன்றாவது மாதம் அந்தப் பெயர் அகப்பட்டது. ஞானஸ்நானப் பதிவு. உற்சாகத்தில் உரக்கப் படித்தேன். தாயின் பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இல்லை. கூடவே 'பேஸ்' என்று ஒரு சொல்.

"அப்படியென்றால் என்ன?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். "கல்யாணம் ஆகாதவளுக்குப் பிறந்த பிள்ளை."

அன்று இரவு நடந்ததை வீட்டில் சொன்னேன்.

"எழுத்து கிளியரா இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார் என் கணவர்.

"எனக்கு அர்த்தமே தெரியாதுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த அம்மாள் வரமாட்டார் என்றிருந்தேன். கோட்டு மாட்டிக்கொண்டு எங்கள் கார் பக்கத்தில் நின்றார். "அந்தப் பெண்ணைத் தேடலாம்," என்றார்.

அதே ஊர்ப் பதிவேட்டில் அவளை அடக்கம் செய்த குறிப்பு கிடைத்தது. மகன் கப்பலேறிய பிறகு ஆறு வருடம் இருந்திருக்கிறாள்.

"ஒரு கடிதமாவது போட்டிருப்பானா?"

"அவனுக்கு எழுதத் தெரிந்திருக்குமோ என்னவோ," என்றேன்.

"யாரையாவது விட்டு எழுதியிருக்கலாம்." நேற்று நடந்ததைச் சொல்வதுபோல அவருக்குக் கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் வம்ச வரைபடத்தை மேஜையில் விரித்தார். எல்லோருக்கும் மேலே, மகனுக்கும் மேலே, அவள் பெயரை என்னையே எழுதச் சொன்னார். டெக்ஸஸில் இருந்த அவருடைய அண்ணனுக்கு அது பிடிக்கவில்லையாம். போனில் சத்தம் போட்டாராம். இவர் எதையும் மாற்றவில்லை.