சவுக்காரத் தண்ணீர்

விழுப்புரம் ரோட்டில் லாரி கவிழ்வது எங்கள் ரெட்டியார்பாளையத்துக்கு ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் மாதா கோயில் தேர்த் திருவிழா அன்று, அதுவும் தேர் வரும் வழியிலேயே, ஒரு டேங்கர் சாய்ந்து கிடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்போது மூன்றாம் வகுப்பு.

டிரைவர் அடிக்குப் பயந்து ஓடிவிட்டான். நிறமில்லாத ஏதோ ஒன்று கொழகொழவென்று வழிந்து சாலையை நனைத்தது. போலீஸ் வந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. ஸ்கூட்டரில் ஓர் அதிகாரி வந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். வாடையே இல்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டார். டேங்கரின் பின்னால் ஆரஞ்சுப் பலகையில் எண்கள் இருந்தன. உள்ளே இருப்பது என்ன, கொட்டினால் என்ன செய்வது, எல்லாமே அந்த எண்களில் அடக்கம் என்பதைக் கல்லூரியில் படித்தபோது "அட!" என்று துள்ளினேன். அப்புறம் புத்தகத்தை மூடிவைத்தேன்.

அன்று, "அது பர்மிட் நம்பரா இருக்கும்" என்றார் போலீஸ்காரர்.

பெரியப்பாதான் திருவிழாக் கமிட்டித் தலைவர். குனிந்து ஒரு விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"வழவழன்னு சவுக்காரத் தண்ணி மாரிதான் இருக்குது. விஷம்னா நாறாதாய்யா? தண்ணிய அடிச்சித் தள்ளுங்க, ரோடும் சுத்தமாவும். பொழுது சாயறதுக்குள்ள தேர் கெளம்பணும்."

தீயணைப்புக்காரர் ஒருவர் தயங்கினார். "இன்னா சரக்குன்னு தெரியாம எப்டிங்க..."

"அப்ப தேரை நிறுத்திட்டேன்னு நீயே வந்து மாதாகிட்ட சொல்லு."

அவர் மாதாவிடம் சொல்லப் போகவில்லை. தண்ணீரைத் திறந்தார். பிள்ளைகள் எல்லாம் கைதட்டினோம். நுரைத்துக்கொண்டு ஓடிய தண்ணீர் சாலையோரப் பள்ளத்தில் போய்த் தேங்கியது. அதிகாரி அதன்மேல் பிளீச்சிங் பவுடர் தூவினார். எங்கள் ஊரில் காலரா முதல் கல்யாணம் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி மருந்து.

அந்த வருஷம் எனக்கு டைபாய்டு வந்து தெளிந்திருந்தது. அதற்காக அப்பா தேருக்கு முன்னால் வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்திருந்தார். அவர் டவுன் பஸ் கண்டக்டர். நாளெல்லாம் நின்றே கால் மரத்துப்போகிறது என்பார்.

தேர் அந்த இடத்துக்கு வந்தபோது கூட்டம் ஓரமாக ஒதுங்கியது. மெழுகுவர்த்தியோடு பள்ளத்தை மிதித்துப் போனவர்கள் கொஞ்ச தூரத்தில் ஒவ்வொருவராகக் காலை உதறினார்கள்.

"ஐயோ எரியுதே! எவன்டா மொளகாத் தூள கொட்டனவன்?" என்று ஓர் அக்கா கத்தினாள். எல்லோரும் குழாயடிக்கு ஓடினார்கள். ஜெபமாலை பாதியில் அறுந்தது.

அதே பள்ளத்தை மிதித்துவந்த அப்பா மட்டும் நடந்துகொண்டிருந்தார். புதுச் செருப்போடு நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"பாத்தியா, நேர்ச்சைக்காரன மாதா எப்டி காப்பாத்தறா!" என்றார் பெரியப்பா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் அப்பாவின் ஒரு குதிகால் வெளுத்து, ஊறிய சோப்பு மாதிரி இருந்தது. மருந்துக்கடைக் களிம்பைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வாரம் கழித்துக் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது பாதம் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"அது சவுக்காரம் காய்ச்சற காரம்ங்க. மத்தவங்கள்லாம் எரிஞ்ச ஒடனே கழுவிட்டாங்க. நீங்க ஏங்க கழுவல?"

நான் முந்திக்கொண்டேன். "எங்கப்பாவுக்கு எரியவே இல்ல டாக்டர்!"

டாக்டர் என்னைப் பார்த்தார். பேனாவை மூடி, அதன் முனையால் அப்பாவின் நல்ல காலின் அடியில் குத்தினார். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் இன்னும் அழுத்திக் குத்தினார். அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுகர் எப்பலேர்ந்து?" என்றார் டாக்டர்.

"சுகரா?" என்றாள் அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தக் காலும்தான் வலிக்கவில்லையே. மாதா இரண்டையுமே காப்பாற்றியிருக்கிறாள். பிறகு எதற்கு அழுகிறாள் அம்மா?