காலடி மண்

ராணியம்மாளின் தையல் மிஷின் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி அருணாதேவியின் வீடு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு எல்லாம் ஒரே வீடு. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது சுவர் வந்தது. போர்வெல் அந்தப் பக்கம் போயிற்று. கொய்யா மரமும் போயிற்று. காலையில் அதன் நிழல் மட்டும் இந்தப் பக்கம் விழும்.

அடி அண்ணாமலையில் ஜாக்கெட் என்றால் ராணியம்மாள்தான். ஊரில் எல்லாப் பெண்களின் அளவும் அவளுக்கு மனப்பாடம். யாருக்கு எது ஜாஸ்தி என்பதும் தெரியும்.

தை மாதம் ஏதோ சங்கத்துக்காரர்கள் வந்து, குருவி கூடு கட்ட வீட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். ராணியம்மாள் பெட்டியைத் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நல்ல நேரம் பார்த்து மாட்டினாள். அடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிட்டாள். தினமும் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை கற்பூரம். அருணாதேவியின் புருஷன் திருமலை, கரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் அங்கே ஒரு ஜோடி குடிவந்தது.

ராணியம்மாள் தன் மாடிப்படியில் கம்பு இறைத்தாள். குருவிகள் வந்து தின்றன. தின்றுவிட்டுச் சுவரைத் தாண்டிப் போயின.

"இங்க தின்னுட்டு அங்க குடித்தனம்" என்றாள்.

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சின்னசாமி சிரித்தார். "நீ கோயில் கட்டி வெச்சிருக்க. குருவி இன்னா, கும்புடவா வரும்?"

அன்றிலிருந்து கற்பூரத்தை நிறுத்தினாள். வாசனை போகவில்லை.

ஜன்னலிலிருந்து சுவருக்கு மேலாக அந்தப் பெட்டியின் துளை நேராகத் தெரியும். ஆண் குருவி ஒரு காலைக்குள் எத்தனை முறை வைக்கோலும் இறகும் கொண்டுவந்தது என்று எண்ணினாள். முப்பத்தொன்று. சின்னசாமியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி துளையைப் பார்த்தாள். அன்று ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்துவிட்டாள்.

பௌர்ணமிக்கு மறுநாள் அருணாதேவியின் குரல் கேட்டது. பெட்டிக்கு அடியில் ஒரு முட்டை விழுந்து உடைந்திருந்தது. பெண் குருவியைக் காணோம். ஆண் மட்டும் மீட்டர் மேல் உட்கார்ந்து கத்தியது.

"எந்தக் கொள்ளிக் கண்ணு பட்டுச்சோ" என்றாள் அருணாதேவி, சுவருக்குக் கேட்கும்படி.

ராணியம்மாளின் கால் மிஷின் மிதியில் அப்படியே நின்றது. இரண்டு மாதமாக அந்தத் துளையைப் பார்த்தது அவள் மட்டும்தான்.

சாயங்காலம் ராணியம்மாள் தன் வாசலுக்கு வந்தபோது அங்கே அருணாதேவி குனிந்து தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையில் காய்ந்த மிளகாயும் உப்பும். கண் வைத்தவரின் காலடி மண்ணையும் சேர்த்துச் சுற்றிப் போட்டால்தான் திருஷ்டி கழியும். ஆனால் தெரு முழுக்கச் சிமெண்டு.

நிமிர்ந்தவள் விழித்தாள். "ஒண்ணுமில்லக்கா. கம்மலு விழுந்துடுச்சி."

"காதுல ரெண்டும் இருக்குதே."

அருணாதேவி காதைத் தொட்டுக்கொண்டாள்.

"அங்க வா" என்று குழாயடிக்கு நடந்தாள் ராணியம்மாள். அங்கே மட்டும்தான் ஈர மண். அதில் இடது காலை அழுத்தி வைத்தாள். பிறகு வலது காலையும். "எடுத்துக்க. ரெண்டுத்துலயும் எடு."

அருணாதேவி கிள்ளி எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பெட்டியைச் சுற்றினாள்.

"அங்க கொளுத்தாத" என்று வெளியிலிருந்து கத்தினாள் ராணியம்மாள். "வாசனைக்குக் குருவி வராது. தெருவுல போடு."

தெருவில் கொட்டாங்கச்சி எரிந்தது. மிளகாயைப் போட்டார்கள். நெடி வராவிட்டால் கண் பட்டது நிஜம். இருவரும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ராணியம்மாள் மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

முதலில் தும்மியது அருணாதேவி. பிறகு இருவருக்கும் அடக்க முடியாத இருமல். எதிர் வீட்டிலிருந்து திட்டினார்கள்.

"உன் கண்ணு இல்லக்கா" என்றாள் அருணாதேவி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "மனசுல வெச்சிக்காத."

"ம்" என்றாள் ராணியம்மாள். கண்ணீர் நிற்கவில்லை. இரண்டு மாதம் அப்படிப் பார்த்தும் தன் கண்ணுக்கு ஒரு மிளகாய் அளவுகூட வலு இல்லை என்பது கொஞ்சம் உறுத்தியது.

மறுநாள் காலை மாடிப்படியில் இரண்டு குருவிகளும் கம்பு தின்றன. பெண் குருவி ஜன்னல் வரைக்கும் தத்தி வந்தது. ஜன்னல் கட்டையில் கிடந்த சிவப்பு நூல் ஒன்றைக் கவ்வியது. சுவரைத் தாண்டிப் பறந்தது.

ராணியம்மாள் எழுந்து சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். பாதி நூல் துளைக்கு வெளியே தொங்கியது.

"அருணா, ஏய் அருணா, பாத்தியா" என்று கூப்பிட்டாள். "அது என் நூலு."