சம்சாரம் பேசி முடித்த வண்டிக்கூலி

கல்யாணமான கையோடு என் கணவருக்குத் திருவனந்தபுரம் சர்க்கார் கச்சேரியில் வேலை கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் அங்கே தனியாக இருந்தார். அவர் யாரைப் பார்க்கிறாரோ, அவரை எவள் பார்க்கிறாளோ என்று திருநெல்வேலியில் எனக்கு நாளெல்லாம் சந்தேகம். வருகிற கடிதத்திலோ அந்த ஊர் மழையைத் தவிர ஒன்றும் இருக்காது. மனசு உன்னைத் தேடுகிறது என்று ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

கடைசியில் கரமனையில் ஒரு மேட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து என்னை அழைத்துக்கொண்டார். ரயிலடியில் சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றும்போதே சட்டம் சொன்னார். நகரசபைத் தகடு அடித்த வண்டியைத்தான் பிடிக்கவேண்டுமாம். ஏற்றுமுன் பேசிய கூலிக்கு மேல் காலணா கேட்டாலும் கொடுக்கக்கூடாதாம். சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார். நான் வண்டியோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஆட்டுரலை இறக்கியதும் வண்டிக்காரர் மேடு ஏறியதற்குத் தனிக்கூலி கேட்டார்.

"பேசுனதுக்கு மேல கேக்கப்படாது. சட்டம் எனக்கும் தெரியும்," என்றேன்.

"இதும் பேசியதாணு அம்மே. சாறும் இவிடத்தெ கொச்சம்மையுமாயிட்டு சம்சாரமொக்கெ நேரத்தே கழிஞ்ஞு."

எனக்கு மலையாளம் அரைகுறை. சாறு என் கணவர். கொச்சம்மை, பக்கத்து வாசலில் ஈரக்கூந்தலில் துளசி வைத்து நின்ற வீட்டுச் சொந்தக்காரி. நல்ல நிறம் வேறு. சம்சாரம் என்றால் எனக்குத் தெரியாதா? நான்தானே அது! அவளோடும் அது முன்னாலேயே முடிந்துவிட்டதாமே!

"எல்லாத்தையும் திரும்ப ஏத்தும்! நான் ஊருக்குப் போறேன்."

"திரிச்சு கொண்டுபோவான் வேறெ கூலியாணு," என்றார் அவர், அலட்டிக்கொள்ளாமல்.

பால்செம்போடு வந்த கணவரைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்டதைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏட்டி, இங்க சம்சாரம்னா பேச்சு! மேட்டுக்குத் தனிக்கூலி உண்டுன்னு இந்த வீட்டுக்காரம்மாதான் சொன்னாங்க. நாங்களே பேசி முடிச்சு வண்டிக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு. உங்கிட்டச் சொல்ல மறந்துட்டேன்."

நான் கூலியைக் கொடுத்தேன். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே கிட்டே வந்தாள்.

"கூலிக்காரியம் மாத்திரம் இல்லா. வீடு பார்க்க வந்த நாள் முதலே உங்களெப் பற்றித்தான் சம்சாரம். நீங்க இல்லாத்ததுகொண்டு ராத்திரி உறக்கமே இல்லன்னு பறஞ்ஞு. பாவம்."

நான் குளிர்ந்துபோயிருக்கவேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை இருந்தது வெறும் சந்தேகம். பொறாமை என்றால் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு வருஷமாக நான் காத்துக் கிடந்த வார்த்தை அவள் காதில் விழுந்திருக்கிறது.

உள்ளே போனதும் கேட்டேன். "அவங்ககிட்டச் சொன்னதை எங்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

"பால் திரிஞ்சிரும், அடுப்பை மூட்டு," என்றார்.