மானாம்பதி அம்மனும் ஒரு பிரவுசரும்

ஆடி மூன்றாம் வெள்ளி. மானாம்பதியில் அம்மன் புறப்பாடு. கோயிலுக்கு எதிரே நிறுத்தியிருந்த பெரிய எல்.இ.டி. திரையில் திடீரென்று ஓர் அறிவிப்பு ஒளிர்ந்தது.

‘வாழ்த்துகள்! உங்களுக்கு ஒரு கார் பரிசு விழுந்திருக்கிறது!’

“டேய் குமரா, இன்னாடா இது? அம்மன் கார் குட்க்குதா?” என்று கத்தினார் விழாக் குழுத் தலைவர் ஏழுமலை.

குமரன் உத்திரமேரூரில் என் தெருக்காரன். விழாக்களுக்குச் சீரியல் செட் விளக்கு போடுகிறவன். பல்பு மாலைகளோடு இருந்தவன், இந்த ஆடிக்குத்தான் முதல்முறையாக எல்.இ.டி. திரைக்கு மாறியிருந்தான். கல்வெட்டு, கோயில், விழா என்று அலைந்து, எது எந்தக் காலத்தது என்று தேதி குறித்துக்கொள்கிற வழக்கம் எனக்கு உண்டு... அன்றைக்கு அவன் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

நடந்தது இதுதான். ‘அம்மன் கண் சிமிட்டுகிற மாதிரி ஒரு வீடியோ’ என்று ஏழுமலையே அவன் போனுக்கு ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறார். லேப்டாப்பில் திரையை இயக்குகிற சாஃப்ட்வேருக்குள் குமரன் அதைப் போட்டான். ‘இதை இன்ஸ்டால் செய்யவா?’ என்றது. சரி என்றான். இன்னொன்று கேட்டது. அதற்கும் சரி. அப்புறம்தான் கார் வந்தது. கார் போனதும் லேப்டாப் உறைந்தது. திரை இருண்டது.

ஏன் சரி என்றான்? சீரியல் செட் தொழிலில் விளக்கு எரிந்தாக வேண்டும். ஃப்யூஸ் போனால் கம்பியைச் சுற்றி எரியவிடுவார்கள். மற்றதை விழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் தருகிற எச்சரிக்கையையும் அவன் போன ஃப்யூஸாகத்தான் பார்த்தான்!

உள்ளே அலங்காரம் முடிந்து மேளம் ஆரம்பித்துவிட்டது. அம்மன் வெளியே வரும்போது திரை இருட்டாக இருந்தால் அபசகுனம் என்பார்கள். அப்புறம் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலும் குமரனைக் கூப்பிடாது. அவன் எல்லா பட்டனையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தான்.

“நகரு ணா.”

அவன் தங்கை தேவகி. சென்னையில் ஐ.டி. வேலை, திருவிழாவுக்கு வந்தவள். உறைந்த லேப்டாப்பை அவள் தொடவேயில்லை.

“நீ செஞ்ச டிசைன்லாம் வேற எங்கனா கீதா?”

“காத்தால காப்பி பண்ண பென் டிரைவ் கீது. ஆனா அந்த சாஃப்ட்வேர் இல்லாம தொறக்காதே!”

“யார் சொன்னா?”

தன் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி, உள்ளே இருந்த ஒரு ஃபைலைத் தட்டினாள். சாதாரண பிரவுசர் திறந்தது. அதில்... மஞ்சள் முகம், பெரிய மூக்குத்தி, சுற்றிலும் ஓடுகிற வேப்பிலை வரிசை. அம்மன்!

எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்த சாஃப்ட்வேரை அவள் அன்றுவரை பார்த்ததுகூட இல்லை. பிறகு எப்படி?

“அந்த சாஃப்ட்வேர் வெறும் சட்டம் அங்கிள், போட்டோ ஃப்ரேம் மாதிரி. உள்ள படம் காட்றது ஒரு பிரவுசர்தான். டிசைன் எல்லாம் வெப் பேஜ். எல்லாருக்கும் பொதுவான முறையில எழுதனது. எந்த பிரவுசரும் படிக்கும்.”

அப்படியானால் அண்ணன் பிரவுசர் மட்டும் ஏன் ஏமாந்தது? தேதிக்காரன் ஆயிற்றே நான், அதற்கு என்ன வயது என்று கேட்டேன். சாஃப்ட்வேரைச் செய்தவர்கள் அதைப் பதித்ததோடு சரி, திரும்பிப் பார்க்கவேயில்லையாம். குமரனின் மகள் பிறப்பதற்கு முந்தைய சரக்கு. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு!

“தெருவுக்கு ஒரு லைன் இழுக்கற இல்ல ணா? ஒண்ணு ஷார்ட் ஆனா அடுத்த தெரு எரியுதில்ல? நல்ல பிரவுசரும் அப்டித்தான். ஒவ்வொரு சைட்டுக்கும் தனி லைன். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணத் தொடாது. உன்னுத செஞ்சவன் எல்லாத்தையும் ஒரே ஒயர்ல மாட்டி, ஃப்யூஸ்ல கம்பியும் சுத்தி வச்சிக்கிறான்.”

குமரன் தலையில் அடித்துக்கொண்டான். “இதே வேலைய நான் பண்ணா இ.பி.காரன் திட்டுவான்!”

அந்த லிங்க்கைத் தன் பிரவுசரிலும் தட்டிக் காட்டினாள். சிவப்பாக ஒரு பக்கம் குறுக்கே நின்றது: இது ஆபத்தான தளம், திரும்பிப் போங்கள்.

“உங்க லிங்க்தான் நைனா. பேஜார் புட்ச்சது” என்றான் குமரன்.

“எனுக்கு மச்சான் அனுப்புனான்” என்று ஏழுமலை நழுவினார்.

யோசித்துப் பாருங்கள். தினமும் நாம் திறக்கிற ஒவ்வொரு பக்கமும் முன்பின் தெரியாத யாரோ எழுதிய புரோகிராம். அது நம் வீட்டு மெஷினுக்குள் வந்து ஓடுகிறது. ஓடிவிட்டு, பிரவுசரின் பக்கத்து டேப்பில் திறந்திருக்கும் பேங்க் கணக்கை எட்டிப் பார்க்க முடியாமல் போய்விடுகிறது. காவல் நிற்பதை நாம் கவனிப்பதேயில்லை. இன்னொரு பக்கம், ஒருவரையொருவர் பார்த்தேயிராத பல தேசத்து ஆட்கள் கூடிப் பேசி, ‘பக்கத்தை இப்படி எழுதுவோம், எல்லாரும் இப்படியே படிப்போம்’ என்று முடிவு செய்து, அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். கல்வெட்டைத் தடவித் தடவி வாசிக்கிறவன் நான். இதற்கு எந்த மூலையில் நின்று வியப்பது என்று தெரியவில்லை.

மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. குமரன் திரையின் ஒயரைப் பிடுங்கித் தங்கையின் லேப்டாப்பில் சொருகினான். தேவகி ஒரு கீயை அழுத்தினாள். பிரவுசரின் பட்டை, பட்டன் எல்லாம் மறைந்து திரை முழுக்க அம்மன் நின்றாள். அதே நேரம் கோயில் வாசலில் நிஜ அம்மனும் வெளிப்பட்டாள்.

கூட்டம் மொத்தமும் இரண்டு பக்கமும் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. குமரன் கண்ணைத் துடைத்தான். “அடுத்த ஆடிக்கும் நீயே வந்துடுடா” என்று அவன் முதுகில் தட்டினார் ஏழுமலை.

நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன் – அம்மனுக்கா, பிரவுசருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள்!