நிற்காமல் வந்த ஜீப்

கல்யாணம் பேசி முடித்ததும் மாப்பிள்ளையான என் அத்தை மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "வேகமா வரணுமா, நிக்காம வரணுமா?" என்பதுதான். மற்றப் பெண்களிடம் என்ன நிறத்தில் சேலை வேண்டும் என்று கேட்பார்கள்.

இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் அவர் ஃபிட்டர். உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன ஜீப் ஒன்றைத் தோட்டத்துத் துரை அவர் தலையில் கட்டி, தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கிலிருந்து கொழுந்து இறக்கத் தயார்பண்ணச் சொல்லியிருந்தார். மலை உச்சியில் இருக்கும் அந்த மேல்கணக்கில்தான் எங்கள் லயத்து வரிசைவீடு, கல்யாணமும் அங்கேதான். மாப்பிள்ளையாக அந்த ஜீப்பில்தான் ஏறி வருவேன் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார்.

ஜீப்பில் கியர்ப்பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதற்குள் போட அவரிடம் இரண்டு ஜோடிப் பல்சக்கரங்கள் இருந்தன. ஒன்றைப் போட்டால் வண்டி ஓடும், செங்குத்தில் மூச்சு வாங்கும். மற்றதைப் போட்டால் எந்த மலையும் ஏறும், ஆனால் மெதுவாக. எவ்வளவு மெதுவாக என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முந்தின வருஷம் என் சித்தப்பா மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் கார் பாதி ஏற்றத்தில் நின்று, பின்னால் உருண்டு, தலைப்பாகையோடு அவரைத் தேயிலைச் செடிக்குள் உட்கார வைத்திருந்தது. அதனால், "நிக்காம வந்தாப் போதும்" என்றேன்.

முகூர்த்தத்தன்று காலையில் லயத்து வாசலிலிருந்து பார்த்தேன். கீழே ஜீப் கிளம்பியது. மேளக்காரர்கள் முன்னால் வந்தார்கள். ரொம்பவே முன்னால். எங்கள் வாசலில் தேத்தண்ணி குடித்துவிட்டு, மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு மறுபடி இறங்கினார்கள். சீர்த்தட்டுக்காரிகள் வந்து சேர்ந்தார்கள். முழங்கால் வலியோடு ஜீப்பில் ஏறிய அத்தைகூட இறங்கி நடந்து வந்து, "வந்துகிட்டேதான் இருக்கான்" என்றார். ஜீப் ஒரு தடவையும் நிற்கவில்லை. நகர்ந்த மாதிரியும் தெரியவில்லை.

நேரம் போகிறதென்று ஐயர் துடித்தார். ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் அது. தவறினால் ஆடி பிறந்துவிடும். ஆவணி வரை கல்யாணம் கிடையாது. அப்பா கீழே பார்த்துக் கத்தினார்.

"எறங்கி நடந்து வாங்க மாப்பிள."

"நிறுத்துனா உருண்டுரும் மாமா. பிரேக்கு சரியில்ல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கூறைச்சேலையைத் தூக்கிச் செருகி, மாலையோடு கீழே இறங்கினேன். தாலித் தட்டைப் பிடித்துக்கொண்டு ஐயரும், விளக்கோடு அத்தானின் அக்காவும் பின்னால் ஓடிவந்தார்கள்.

கடைசி வளைவில் ஜீப்பைப் பிடித்தோம். அத்தான் குதித்து இறங்கினார். யாரும் மிதிக்காமலே வண்டி தன்பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மேளம் கொட்ட, தாலியை வாங்கி ஒரு முடிச்சுப் போட்டார். அதற்குள் ஜீப் ரோட்டோரக் கான் பள்ளத்துப் பக்கம் சாயப் பார்த்தது, ஸ்டீயரிங்கைப் பிடிக்க ஓடிவிட்டார். நல்லவேளை, மற்ற இரண்டு முடிச்சும் மாப்பிள்ளையின் அக்கா போடுவதுதான் எங்கள் வழக்கம். அவர் நிதானமாகப் போட்டார்.

ஜீப் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது முதல் பந்தி முடிந்திருந்தது. அத்தான் முகமெல்லாம் பல்லாக இறங்கி, "நிக்காம வந்தேனா இல்லையா?" என்றார்.

எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அன்றைக்கே விட்டுக்கொடுத்தால் பிறகு பிழைக்க முடியாது.

"வந்தீங்க. நான் எறங்கி வரலன்னா ஆவணியிலதான் வந்து சேந்திருப்பீங்க" என்றேன்.